ஞாயிறு மூன்று முதல் ஐந்து வரை

புளித்த இட்லி மாவை வைத்து நல்ல ரொட்டி சுடலாம், மேடம். பலருக்கு இது தெரியாது. மீந்த மாவில் ஒரு கரண்டி எடுத்து மைதாவோடு பிசைந்து, ஐந்து மணி நேரம் மூடி வைத்தால் போதும். நான் சொல்லும்போது எல்லாரும் ஆசையாகக் கேட்பார்கள். கடைசியில், "நேரம் எங்க அண்ணாச்சி கெடைக்கு?" என்பார்கள். நேரம் தானாகக் கிடைக்காது. நாம்தான் ஒதுக்க வேண்டும்.

நான் ஒதுக்கினேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ஐயம்பெருமாள். வயது நாற்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வெள்ள எச்சரிக்கைக் கருவிகளை வடிவமைக்கிறேன். வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலத்தின் அடியில் ஒரு கருவி ஆற்றின் மட்டத்தை அளக்கும். தண்ணீர் திடீரென ஏறினால், நான்கு கிலோமீட்டர் கீழே படித்துறையில் இருக்கும் சங்கு தானாக ஊதும். தண்ணீர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். குளிப்பவர்கள் ஏறிவிட அது தாராளம். அந்தச் சங்கின் ஓசையை நானே உருவாக்கினேன். காதைக் கிழிக்காமல், அதே சமயம் யாரும் அலட்சியம் செய்ய முடியாதபடி, தாழத் தொடங்கி மேலே போகும். அதற்கு மட்டும் நான்கு மாதம் ஆயிற்று. மனதுக்கு நிறைவான வேலை.

ஆனால் வேலை மட்டும் இருந்தால் மனிதன் வறண்டுவிடுவான். எனக்கு மிருதங்கம் உண்டு, தேனீப் பெட்டி உண்டு, சதுரங்கம் உண்டு, ரொட்டி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒலிப்பதிவு. பறவை, தவளை, நாணலில் காற்று, எதுவானாலும் சரி. வீட்டுச் சுவரில் வார அட்டவணை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். என் மனைவி சித்ரலேகா கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். ஒருநாள் அட்டவணைக்கு முன்னால் நின்று, "இதுல எனக்கு எந்தக் கலர்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே புதன் மாலையை இளம்பச்சையாக்கிக் கொடுத்தேன். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது.

ஞாயிறு மூன்று முதல் ஐந்து வரை ஒலிப்பதிவு. அதன் நிறம் நீலம்.

படித்துறைக்கு எதிர்க்கரையில், சற்று மேலே, நாணல் அடர்ந்த ஒரு பாறை இருக்கிறது. சித்திரை மாதம் அங்கே நீர்நாய்களைக் கண்டேன். தாமிரபரணியில் நீர்நாய் உண்டு என்று கேள்விப்பட்டதோடு சரி, அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு தாய், இரண்டு ஆண்கள், பிறகு ஐப்பசியில் மூன்று குட்டிகள். குட்டிகள் தாயைக் கூப்பிடும் குரலை முழுதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு மனிதனுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், மேடம். காலையில் எழுந்திருக்கவே தனி உற்சாகம் வரும்.

சங்குதான் இடைஞ்சல். அணையில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாலும் ஊதிவிடும். குட்டிகள் பொந்துக்குள் போய்விடும். இரண்டு ஞாயிறு அப்படி வீணாகின. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கருவியைப் பழுது பார்க்கும்போது சங்கு ஊதாமலிருக்க ஒரு நிறுத்தப் பொத்தான் வைத்திருந்தோம். அழுத்தினால் அரை மணி நேரம் ஊதாது. அதை என் கைபேசிக்குள் கொண்டுவருவது பத்து நிமிட வேலை.

ஆறு முறை அழுத்தினேன். ஆறு முறையும் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன், முழங்கால் அளவுகூட ஏறாது என்று உறுதி செய்துகொண்டு. ஆறு முறையும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

சுடலைவடிவைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர். எஸ்டேட்டை விட்டு எல்லாரும் இறங்கியபோது குடும்பத்தோடு இங்கே வந்தார். ஞாயிறு மதியம் துணி துவைக்க இன்னும் இரண்டு பெண்களோடு படித்துறைக்கு வருவார். ஆறு அவருக்குப் புதிது. நீந்தத் தெரியாது. தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவார். படித்துறைப் பெண்களுக்குச் சங்கைப் பற்றி விளக்கிச் சொல்வதும் என் வேலைதான். அதனால் ஒருநாள் அவரிடமே சொன்னேன், தண்ணீரைப் பார்க்க வேண்டாம், அதை என் கருவி பார்த்துக்கொள்ளும், நீங்கள் சங்கை மட்டும் கேளுங்கள் என்று.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "எஸ்டேட்டுலயும் சங்கு ஊதுனாத்தான் அண்ணாச்சி வேலைக்கு எறங்குவோம், சங்கு ஊதுனாத்தான் கரையேறுவோம். எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் நடு ஆற்றுப் பாறை வரை போய்த் துவைக்கத் தொடங்கினார். தூரத்தில் என்னைப் பார்த்தால் கையாட்டுவார். ஒருவருடைய பயத்தைப் போக்கினோம் என்பதில் எனக்கு அன்று முழுக்க மகிழ்ச்சி.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு. வெயிலும் மழையும் இல்லாத அருமையான பிற்பகல். மூன்று மணிக்குப் பாறையில் போய் உட்கார்ந்தேன். ஒலிவாங்கியை நாணலுக்குள் நீட்டி, காதில் ஹெட்போனை மாட்டினேன். மூன்றரைக்கு ஒரு குட்டி மட்டும் வெளியே வந்தது. தாய் எங்கோ மீனுக்குப் போயிருந்தது. குட்டி வாயைத் திறந்து கூப்பிடப் போகிறது என்று தெரிந்த கணத்தில் கைபேசி அதிர்ந்தது. பாலத்தில் மட்டம் ஏறுகிறது.

பார்த்தேன். முதலில் எண்ணைப் பார்க்கவில்லை என்று உங்கள் அதிகாரியிடம் சொல்லியிருந்தேன். பார்த்தேன். ஏழடி. மலையில் காலையிலிருந்து மழை.

பொத்தானை அழுத்தினேன்.

இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று கணக்கிட்டேன். குட்டி கூப்பிட்டு முடித்ததும், ஐந்து நிமிடத்தில் நிறுத்தத்தை எடுத்துவிட்டால் சங்கு ஊதிவிடும். எல்லாருக்கும் நேரம் சரியாக இருக்கும். நியாயமான கணக்குதான். ஆனால் குட்டி உடனே கூப்பிடவில்லை. கொஞ்சம் கூப்பிடும், நிறுத்தும், முகர்ந்து பார்க்கும். விலங்குகளுக்கு அட்டவணை கிடையாதே. நான் அப்படியே ஆடாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை. உண்மையான ஈடுபாடு இருந்தால் நேரம் தெரியாது.

தண்ணீர் வந்தது. கரையோரம் நின்ற இரண்டு பெண்களும் படிக்கு ஓடிவிட்டார்கள். சுடலைவடிவு நடுப்பாறையில் இருந்தார். மூன்றாம் நாள் கிழக்கே ஒரு மதகருகே கிடைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கருவியின் பதிவேட்டைத் திருத்தினேன். நிறுத்தம் இருந்த இடத்தில் 'சேறு படிந்து பழுது' என்று மாற்றினேன். கருவிகளைத் துடைத்துப் பராமரிப்பவன் பெருமாள்ராஜ். அவன் கெட்டவனல்ல. அலுவலகத்தில் விசாரித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கெழமைதான் தொடச்சேன் அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியும்லா" என்றான். எனக்குத் தெரியும். தோளில் தட்டிக்கொடுத்தேன். அவனை நீங்கள் கைது செய்து ஏழு வாரம் ஆகிறது.

அவன் மனைவி சுகன்யா வீட்டுக்கு வந்தாள். மாசமாக இருக்கிறாள். அவன் ஒழுங்காக வேலை செய்பவன் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். "நீங்க சொன்னா கேப்பாவ" என்றாள். பார்க்கிறேன் என்று சொல்லி, அன்று சுட்ட ரொட்டியில் பாதியைக் கட்டிக் கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது. அவள் போன பிறகு சித்ரலேகா என்னிடம் பேசவில்லை. இப்போதும் பேசுவதில்லை. புதன் மாலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

ஏன் இன்று வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் உள்ளபடி சொல்வதென்றால், பெருமாள்ராஜ் இல்லாததால் ஒன்பது கருவிகளையும் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டும் போயிற்று. மிருதங்கத்தைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது. தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விட்டன. அவன் வெளியே வந்தால் வேலையைச் சரியாகப் பார்ப்பான். என்னை உள்ளே வைத்தால், அங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மணி அடித்துவிடுவார்கள் என்கிறார்கள். மீதி நேரம் முழுக்க நம்முடையது. மிருதங்கத்துக்கு அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

இதோ மெமரி கார்டு. இதில் இருப்பது வெட்டாத முழுப் பதிவு. நண்பர்களுக்கு அனுப்பியதில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் இருக்கிறது. நான் பொத்தானை அழுத்திய பதினெட்டாவது நிமிடத்தில் அவர் குரல் வரும். தண்ணீர் முழங்காலைத் தொட்டிருக்க வேண்டும். கத்தவில்லை, கேட்கிறார். "அண்ணாச்சி, தண்ணி ஏறுதே. சங்கு ஊதலியே?" நான் இருந்த பாறையைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு நம்பிக்கையோடு அங்கேயே நின்றார். நிறுத்தத்தை எடுத்திருந்தால் அப்போதும் சங்கு ஊதியிருக்கும். வெள்ளம் முழுதாக வந்து சேர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது, படிக்குப் போய்விடலாம். எழுந்து நின்று கையாட்டியிருந்தாலே போதும்.

ஆனால் அதே நேரம் குட்டி கூப்பிடத் தொடங்கிவிட்டது. நாற்பது விநாடி, ஒரே மூச்சில். நீங்கள் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள், மேடம். தாயைத் தேடும் ஒரு சின்ன உயிரின் குரல் அப்படிக் கெஞ்சுவதைக் கேட்டால், கல்மனம் படைத்தவர்களால்கூட அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது.