போன் வராத வீடு

களைப்பா இருக்குங்க. தத்தெடுத்த பெத்தவங்களுக்காக நடக்கிறதுல, இந்த மாசத்துல இது ஆறாவது கூட்டம். ஆறு ஊர்லயும் இதே கேள்வி... இப்ப இந்த அம்மா எழுந்து கேட்டாங்களே, அதேதான். "ஐயா, தத்து வந்த பிள்ளைங்க நெட்டுல குழு வச்சு எழுதுறாங்க. எல்லாம் கோவமும் அழுகையுமா இருக்கு. எல்லாப் பிள்ளைங்களும் உள்ளுக்குள்ள அப்படித்தானா?" விவாதம் பண்ண எனக்குத் தெம்பில்ல. ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன். சின்னதுதான்... சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

மன்னார்குடிப் பக்கம் சுகந்தின்னு ஒரு அம்மா. கரண்ட் ஆபீஸ்ல புகார் போன் எடுக்கிற வேலை. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் காதுல ரிசீவர். "எங்க தெருவுல கரண்ட் இல்ல", "வோல்டேஜ் கம்மியா வருது", "ஆளை அனுப்புறீங்களா இல்லையா"... நாள் பூரா இதேதான். அவங்களுக்கு ஒரே பொண்ணு, நிறைமதி. கைக்குழந்தையா தத்தெடுத்தது. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அந்தப் பொண்ணுக்கும் விஷயம் தெரியும். இப்போ பன்னிரண்டாவது படிக்குது.

இந்த சுகந்தி ஒருநாள் செல்போன்ல அந்த மாதிரி ஒரு குழுவுக்குள்ள போனாங்க. போனவங்க வெளிய வரல. ஒருத்தர் எழுதுறாரு, "என்னைக் காப்பாத்துனதா நெனச்சிக்கிட்டிருக்காங்க, என்கிட்ட யாரு கேட்டா?" இன்னொரு பொண்ணு எழுதுது, "நன்றி சொல்லிச் சொல்லியே வாய் வலிக்குது." ரெண்டு மாசம் படிச்சாங்க. படிச்சுப் படிச்சு என்ன ஆச்சு தெரியுமா? பொண்ணைத் திட்டுறதையே விட்டுட்டாங்க. ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா, பேசாம எடுத்துக் காயப்போடுறது. லேட்டா வந்தா, "பரவால்லம்மா, வா." வளத்த பொண்ணை விருந்தாளி மாதிரி நடத்துனா... அந்தப் பொண்ணு எப்படிங்க அந்த வீட்டுல இருக்கும்?

ஒருநாள் மத்தியானம் ஆபீஸ்ல டிபன் பாக்ஸைத் திறந்து வச்சிட்டு அழுதுட்டிருக்காங்க. அங்க லைன்மேன் ஒருத்தர், ஆரோக்கியசாமி. ரிட்டயர் ஆகப் போறவரு. விஷயத்தைக் கேட்டாரு. கேட்டுட்டுச் சொன்னாரு: "ஏம்மா, பதினாலு வருஷமா இந்தப் போனை எடுக்கிறே. என்னிக்காவது ஒருத்தர் கூப்பிட்டு, 'மேடம், எங்க வீட்டுல லைட்டு நல்லா எரியுது'ன்னு சொல்லியிருக்காரா? இந்தப் போனை மட்டும் கேட்டா ஊரே இருட்டுல கெடக்குன்னுதான் தோணும். வெளிய போய்ப் பாரு."

நல்ல பேச்சுங்க. நானும் பல ஊர்ல இதோட முடிச்சிருக்கேன். கை தட்டிட்டுச் சாப்பிடப் போயிடுவாங்க... ஆனா அது அங்க முடியல.

சுகந்தி அன்னிக்குச் சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. பொண்ணு ஸ்கூல் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுட்டிருக்கு. பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. குழுவுல படிச்சது, பயந்தது, லைன்மேன் சொன்னது எல்லாம். "வீணா பயந்துட்டேண்டி"ன்னாங்க.

அந்தப் பொண்ணு இஸ்திரிப்பெட்டியை நிமித்தி வச்சுது. "அம்மா... போன் பண்ணாத வீடெல்லாம் லைட்டு எரியுற வீடா?"

இல்லைன்னு சுகந்திக்கு நல்லாத் தெரியும். போன் எடுக்கிறவங்களாச்சே. கரண்ட் போனா, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பாருன்னு ஒவ்வொரு வீடும் சும்மா இருக்கும். போன மழையில ஒரு தெரு முழுக்க ரெண்டு நாள் அப்படியே கெடந்திருக்கு. அதை வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சதும் அவங்கதான்.

"என்னடி சொல்றே?"

"என் பொறந்த நாளும்மா. அது டாக்டர் என்னைப் பாத்து உத்தேசமாப் போட்ட தேதி. வருஷா வருஷம் அன்னிக்குப் பால் பாயசம் வைப்பே. எனக்கு அது பிடிச்சதே இல்ல. நெஜமாப் பொறந்த அன்னிக்கு என்னை யாரு கையில வச்சிருந்தாங்கன்னு நெனச்சிக்கிட்டே குடிப்பேன்."

"இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையாக் கிண்டுவே... எப்படிச் சொல்றது?"

ரெண்டு பேரும் அழுதாங்க. கண்ணைத் துடைச்சிட்டு சுகந்தி கேட்டாங்க, "அப்ப... உனக்கு என்னைப் பிடிக்கலயா?"

"பாயசத்தைச் சொன்னா உன்னைச் சொன்னதா ஆயிடுமா? ரெண்டு மாசமா நீ திட்டாம இருந்ததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுடப் போறியோன்னு நெனச்சேன்."

அப்புறம் கட்டில்ல கெடந்த ஈரத் துண்டுக்காக அந்தப் பொண்ணு அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சாம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். அந்தக் குழுவுல எழுதுறவங்க பொய் சொல்றாங்களா? இல்ல. அவங்க வீட்டுல நெஜமாவே கரண்ட் இல்ல. தயவுசெஞ்சு அதை அலட்சியம் பண்ணாதீங்க. அதுக்காக அவங்க எல்லாருக்கும் சேத்துப் பேசுறாங்களா? அதுவும் இல்ல. அப்ப எழுதாம இருக்கிறவங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்களா... அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. செல்போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்க வீட்டுல இருக்கிற பிள்ளைகிட்ட கேக்கணும். என்ன பதில் வந்தாலும் எழுந்து ஓடாம உக்காந்து கேக்கணும்.

என்கிட்டயும் கேக்காதீங்க. நானும் தத்து வந்தவன்தான், அதனாலதானே மேடையில ஏத்தியிருக்கீங்க. "நீங்க சந்தோஷமா இருந்தீங்களா ஐயா?" போற ஊர்ல எல்லாம் கேக்குறாங்க. இருந்தேன்னு சொல்றேன். பொய்யில்ல. முழுசும் இல்ல... எங்கம்மா என்னை உசுரா வளத்தாங்க. நாப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். "உனக்கு மனசுல ஏதாவது இருக்காடா?"ன்னு ஒரு தடவைகூட அவங்க கேக்கல. பயந்திருப்பாங்க போல. போன ஆடியில தவறிட்டாங்க.

அவங்க கேக்கல... நானும் அந்தப் போன் பண்ணாத வீடு மாதிரியே சொல்லாம இருந்துட்டேன். சாப்பிட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்க.