எல்லா விதையும் ஒரே சாக்கில்

பஷாரா: ...ஒரு மணி விதை கூட வீணாகல டாக்டரம்மா. நீங்க கவலைப்படாதீங்க.

இக்லாஸ்: போன வியாழக்கிழமை ஃபோன்லயும் இதையேதான் சொன்னீங்க பஷாரா அண்ணே.

பஷாரா: இன்னொரு வாட்டி கேட்டா குறைஞ்சா போயிடும்? போர்ட் சூடான்ல உங்களுக்குச் சாப்பாடு கிடைக்குதா?

இக்லாஸ்: என்னை விடுங்க.

பஷாரா: இருபத்திரண்டு வருஷமா உங்க ஆராய்ச்சி நிலையத்து விதை அறைக்குக் காவல். மூத்த சம்சாரம் அந்த அறைதான், நான் ரெண்டாவதுன்னு நஃபீஸா ஏசுறா.

இக்லாஸ்: அக்கா சொல்றது சரிதான்... அண்ணே, துப்பாக்கிக்காரங்க வந்தன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லுங்க.

பஷாரா: அவனுங்களுக்கு வேண்டியது டப்பாவும் குளிர்பெட்டியும்தான். விதையைத் தரையில கொட்டிட்டுப் போயிட்டானுங்க. மூணு நாள் பெருக்கினேன். சோளம், எள்ளு, பருத்திக்கொட்டை, நாருக்குப் போடுவீங்களே அந்தப் புளிச்சை... புடைச்சு, கல்லு பொறுக்கி, எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்.

இக்லாஸ்: ஒரே சாக்கு.

பஷாரா: ஒண்ணா இருந்தாத்தானே காவல் காக்க லேசு.

இக்லாஸ்: டப்பாவில இருந்த சீட்டெல்லாம்?

பஷாரா: கூளம்தானே, கொளுத்திட்டேன்.

இக்லாஸ்: வீட்டுல என்ன சாப்பிடுறீங்க?

பஷாரா: கடலைப் பிண்ணாக்கு இருந்துச்சு. இப்ப இலையை வேக வைக்கிறோம். நஃபீஸா ஒருநாள் சாக்குல கை வெச்சா, பிள்ளைகளுக்கு ஒரு வாய்க் களி கிண்ட. கையைத் தட்டிவிட்டேன். கழுத்துல கத்தி வெச்சாலும் விதையைத் தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களே.

இக்லாஸ்: சொன்னேன்.

பஷாரா: மழையில்லாம விளையற சோளம் அதுல இருக்குன்னீங்க. நாட்டுக்கே சோறுன்னீங்க.

இக்லாஸ்: அண்ணே... சாக்கைப் பிரிங்க. பருத்திக்கொட்டையையும் புளிச்சையையும் பொறுக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை இடிச்சுக் களி கிண்டுங்க. மருந்து தூவாத விதைதான், பயமில்லை.

பஷாரா: என்னைச் சோதிக்கிறீங்களா?

இக்லாஸ்: இல்லைண்ணே. சோளத்துல மட்டும் ரெண்டாயிரம் வகை. எது மழையில்லாம வரும், எது உப்புத்தண்ணிக்குத் தாங்கும்னு அந்தச் சீட்டுதான் சொல்லும். கலந்தாச்சு. இனிமே என்னாலயும் பிரிக்க முடியாது.

பஷாரா: அப்ப கட்டிலுக்கு அடியில இருக்கிறது?

இக்லாஸ்: வெறும் தானியம்.

பஷாரா: ...இது உங்களுக்கு எப்பத் தெரியும்?

இக்லாஸ்: போன வியாழக்கிழமை. ஒரே சாக்குன்னு நீங்க சொன்ன உடனே.

பஷாரா: அப்பவே சொல்லலியே.

இக்லாஸ்: நீங்க அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க... வாய் வரல. என் பதினெட்டு வருஷ உழைப்பு அது. போச்சுன்னு என் வாயால சொல்ல எனக்கே தெம்பு இல்லை. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு வாரம் தள்ளிட்டேன். தப்புதான். திட்டுங்க அண்ணே, கேட்டுக்கறேன். ஆனா வீட்டுக்குப் போய் முதல்ல அடுப்பைப் பத்த வைங்க. சின்னவன் முஸம்மிலுக்கு எள்ளைத் தனியா வறுத்துக் குடுங்க, அவன்...

பஷாரா: அவனை ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம் டாக்டரம்மா. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் நானும் சொல்லல.