ஒப்பாரியில் உடைந்த சுறாப்பெட்டி

தலைமை ஏற்று, தலையெழுத்தே என்று என் பேச்சுக்குக் காத்திருக்கும் மீனவர் தலைவர் ஆட்டா அங்க்ரா அவர்களே! அலைக்கு அஞ்சாத, மனைவிக்கு மட்டும் அஞ்சும் அண்ணன்மார்களே! அடுப்புப் புகையில் மீனோடு மீனாக வெந்தும் வாய் ஓயாத அன்னையர்களே! முன்வரிசையில் கென்கி மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் உண்ணும் பெரியோர்களே, மெல்ல மெல்லுங்கள், என் பேச்சு நீளம்! அனைவருக்கும் அமெர்லேயின் அன்பு வணக்கம்.

கூலிக்கு அழுவது என் தொழில். இந்தக் கரையில் என் கண்ணீர் படாத சவப்பெட்டி உண்டா? செத்தவர் தொழிலுக்கும் ஆசைக்கும் ஏற்ற வடிவில் பெட்டி செய்வது நம் வழக்கமாயிற்றே! கோழி வடிவப் பெட்டிக்கு அழுதேன். விமான வடிவப் பெட்டிக்கு அழுதேன். பீர் பாட்டில் பெட்டிக்கு, அதில் படுத்திருந்தவர் மனைவியை விட அதிகமாக அழுதேன்! ஆனால் போன மழைக்காலத்தில் ஒக்போட்டி என்ற வியாபாரி என்னை அழைத்தானே, அந்தச் சாவைப் போல் ஒரு சாவு உண்டா?

“அக்கா, எங்கப்பா போயிட்டாரு. வெளிநாட்டுல இருக்கிற சின்னம்மா உடம்பக் கேக்குறாங்க. கப்பல் ஏத்துற வரைக்கும் அழுதாப் போதும்” என்றான்.

என் தோழிகளோடு துறைமுகம் போனேன். அங்கே வாலும் வாயும் பல்லுமாக ஒரு சுறா வடிவப் பெட்டி. பக்கத்தில் சுங்க அதிகாரி சோவா. பாவம், இளகிய மனிதர். நான் தொண்டையைச் செருமியதுமே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

“தம்பி, அப்பா பேரு?” என்று கேட்டேன். “டெட்டே” என்றான். டெட்டேயைப் பாடி ஒரு சுற்று அழுதோம். அடுத்த சுற்றுக்கு மறுபடி கேட்டால், “நோர்ட்டே” என்கிறான்!

“ஏன்டா, இப்பத்தானே டெட்டேன்ன?”

“அழுகையில மறந்துட்டேன் அக்கா.”

“நீ எங்கடா அழுத? அழுறது நாங்க!”

முகம் பார்க்காமல் மூன்றாம் சுற்று அழுவது என் தொழிலுக்கு இழுக்கல்லவா? மூடியைத் தொட்டேன். பாய்ந்து வந்தான். “தொறக்காதீங்க, தொத்து வியாதி!”

“இவ்வளவு நேரம் கட்டிப் புடிச்சு அழுதேனே, படுபாவி, இப்பவா சொல்ற!” என்று அலறி, அப்படியே பெட்டி மேல் விழுந்தேன். சிரிக்காதீர்கள்! என் உடம்பைத் தாங்க அந்தப் பெட்டி என்ன படகா? படீரென்று பிளந்தது. பிணம் இல்லை. காய்ந்த மீன் துடுப்புகள்! சுத்தியல் தலைக் கொம்பன் சுறாவின் துடுப்பு, கித்தார் போல் உடம்புள்ள திருக்கையின் துடுப்பு, மலையாய்ச் சரிந்தது. வெளிநாட்டுச் சூப்புக்குப் பொன் விலை போகும் சரக்கு!

சோவா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: “உங்கப்பாவுக்கு எத்தனை கைய்யா?”

“பெரிய குடும்பம் சார்” என்றான் ஒக்போட்டி.

“அனுமதிச் சீட்டு எங்க?”

அதுதானே இல்லை! பிடிப்பதால் அந்த இனம் அழிந்துவிடாது என்று உறுதியான பிறகே அந்தச் சீட்டு. சீட்டு இல்லாமல் இவை எல்லை தாண்டக் கூடாது. பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம் இது. போலீஸ் வந்தது. ஒக்போட்டி அப்போதுதான் முதல்முறையாக உண்மையாக அழுதான்.

நாங்கள் கிளம்பினோம். என் காலில் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் கொம்பன் துடுப்பு. குட்டி, அம்மா, குட்டி! அங்கேயே உட்கார்ந்து, யாரும் கேளாமல், கூலி இல்லாமல் அழுதேன்.

மனிதன் போனால் மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். கொம்பன் போனால் யார் இருக்கிறார்? வளர வருடங்கள், ஈனுவதோ கொஞ்சம். கடைசியாக ஒரு பெரிய கித்தார்த் திருக்கையை இழுத்தது யார்? கை தூக்குங்கள்! ஒரு கையும் எழவில்லையே? மனைவிகள் சொன்னால்தான் தூக்குவீர்களோ?

யாரது பின்னால்? “வலையில வந்தத விட்டுட்டு வாயில எத வைக்கிறது, அத்தே?” நியாயம்தான் மருமகனே! உன் சித்தப்பன் ஒன்றையும் விடாமல் பிடித்தான். இப்போது என்ன பிடிக்கிறான்? என் வீட்டு வாசலில் வந்து குழம்பு கேட்கிறான்!

துறைமுகத்தில் சீட்டு கேட்பது சோவாவின் வேலை. கரையில் கேட்பது யார் வேலை? நம் வேலை! வலையில் உயிரோடு வந்த கித்தார்த் திருக்கை உயிரோடு கடலுக்குத் திரும்பும். குட்டிக் கொம்பன் குட்டியாகவே திரும்பும். இதுதான் இன்றைய தீர்மானம். ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!

ஆட்டா அங்க்ரா எழுந்துவிட்டார். அன்னையர் எழுந்துவிட்டார்கள். மருமகனே, உன்னை யார் இழுத்து எழுப்புகிறார்கள்? மனைவியா? வாழ்க அவள்!

நிறைவேறியது! பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. உங்கள் கடலில் குட்டிகள் பெருகுக, உங்கள் வலைகள் கனக்கட்டும், போய்ச் சாப்பிடுங்கள். வணக்கம்!