மூன்றாவது கேள்வி

மேடைப் பேச்சாளனுக்குத் தொண்டைதான் முதலில் கெடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் கெடுவது கால். முப்பது வருஷம் நின்றுகொண்டே பேசியதில் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அதனால்தான் உங்கள் ஸ்டேஷனில் நின்றபடி பதில் சொல்ல முடியாது என்றேன், இன்ஸ்பெக்டர் மேடம். திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி கொடுத்தீர்கள், பேப்பரும் கொடுத்தீர்கள். எழுதியே கொடுத்துவிடுகிறேன். பேசிப் பேசி அலுத்துவிட்டது.

என் பெயர் வைத்தியலிங்கம். கட்சி நோட்டீஸில் பெயருக்கு முன்னால் 'இடிமுழக்கம்' என்று போடுவார்கள். வீட்டில் கமலாம்பாள் அதைச் சொல்லிச் சிரிப்பாள், கறிகாய்க்காரனிடம் பேரம் பேசக்கூட வாய் வராத இடிமுழக்கம் என்று. தலைவர்கள் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். நான் பதப்படுத்தி வைத்த கூட்டத்தில் வந்து கைகூப்பியே எம்.எல்.ஏ. ஆனவர்கள் உண்டு. ஒருவர் மந்திரியும் ஆனார். எனக்குச் சால்வை கிடைத்தது. பீரோ நிறைய இருக்கிறது, காரைக்கால் வெயிலுக்கு எதற்கும் உதவாது.

முருகானந்தம் நல்ல மனுஷன். நெரவியில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் மைக்கைப் பிடித்தால் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி இருக்கும். நல்லது செய்தவனுக்கு ஜனம் கும்பிடு போடும், நன்றாகப் பேசுகிறவனுக்குத்தான் ஓட்டுப் போடும். இதை நான் எத்தனையோ தேர்தலில் பார்த்தாயிற்று. இந்த முறை கட்சி சீட்டுக்கு அவரும் இன்னொருவரும் போட்டி. புதுச்சேரியிலிருந்து மாநிலத் தலைவர் வருகிறார், இரண்டு பேர் பேச்சையும் ஒரே மேடையில் கேட்டுவிட்டு முடிவு செய்வார் என்று சேதி வந்தது. அன்றைக்கே முருகானந்தம் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, இந்தத் தடவ விட்டா அப்பறம் எனக்குக் கெடையாதுண்ணே. நீங்கதான் கைதூக்கி விடணும்."

ஜெயித்தால் எனக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி வாங்கித் தருவதாகச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆசைப்பட்டேன். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவருடைய மில் களத்திலேயே நிறுத்திப் பழக்கினேன். நெல் குவியல்தான் ஜனம். கையை எங்கே வைப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த வார்த்தையில் குரலை இறக்குவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மில்லில் வேலை செய்கிற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். குரல் வந்துவிட்டது, பேசுவதற்கு விஷயம்தான் வரவில்லை.

அந்தச் சம்பா கருகிக்கொண்டிருந்தது. நாங்கள் கடைமடை. மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீரே குறைவு, அதுவும் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. உண்மையான காரணம் அதுதான். அதை மேடையில் சொன்னால் ஜனம் கொட்டாவி விடும். கோபப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். அதனால் எந்த ஊரில் கூட்டம் என்றாலும் மத்தியானமே போய், அந்த ஊர்க்காரர்கள் வாயில் அடிபடுகிற பெயர் எது என்று விசாரித்துக்கொள்வது என் வழக்கம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

கூட்டம் நடக்க இருந்த ஊருக்குப் போனபோது டீக்கடை மூடியிருந்தது. வாய்க்கால் கரையோடு நடந்து மதகுக்குப் போனேன். மதகைத் திறந்து மூடுகிற அரசு ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். அங்கே லஸ்கராக இருந்தவர் மருதையன். மதகை ஒட்டி வீடு, வாசலில் ஒரு புது பைக். என்னைப் பார்த்ததும், "உக்காருங்கய்யா, காலு இப்படி வீங்கியிருக்கே" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் மனைவி அஞ்சுகம் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"ஊருல எல்லாரும் என்னையவே மொறைக்கிறாங்கய்யா. தண்ணி வந்தாத்தான தொறக்க? வராத தண்ணிய நா எங்கேருந்து விடுறது?" என்றார் மருதையன்.

நிறையப் பேசினார். பாவம், அவரிடம் உட்கார்ந்து பேச அந்த ஊரில் ஆள் இல்லை. சொந்த ஊர் பாகூர், மாற்றலில் வந்தவர். ஓட்டுகூட அங்கேதான். மாமன் மச்சான் என்று இங்கே ஒருவரும் கிடையாது.

டீ குடித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள். அதிகாரி பெயரைச் சொன்னால் சங்கம் வரும். மந்திரி பெயரைச் சொன்னால் வழக்கு வரும். பெரிய பண்ணைக்காரரைச் சொன்னால் அவர் வகையறா ஓட்டு போய்விடும். மருதையனைச் சொன்னால் எதுவும் வராது. டீ நன்றாக இருந்தது என்று அஞ்சுகத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மருதையனைத் திட்டி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் எழுதினேன். வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது கடலோரத்து இறால் குட்டைகள் மட்டும் எப்படி நிறைந்திருக்கின்றன? மதகுச் சாவி யார் கையில் இருக்கிறது? சாவி இருக்கிற வீட்டு வாசலில் புது வண்டி எப்படி வந்தது?

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். வாய்க்கால் காய்ந்தது உண்மை. குட்டைகள் நிறைந்திருந்ததும் உண்மை, அது கடலிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர் என்பது வேறு விஷயம். சாவி அவரிடம்தான் இருந்தது. வண்டியும் புதுசுதான்.

"பதிலை நீங்க சொல்லிடாதீங்க தம்பி. மூணாவது கேள்வி முடிஞ்சதும் சும்மா நில்லுங்க. அவங்களே சொல்லுவாங்க" என்று முருகானந்தத்திடம் சொல்லி வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் பேசியது மாதிரி நானே பேசியதில்லை. மூன்றாவது கேள்விக்குப் பிறகு நின்றார். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் "மருதையன்" என்றான். அடுத்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் சொன்னது. மாநிலத் தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது பந்தலின் ஓரத்திலிருந்து கொஞ்சம் பேர் எழுந்து வாய்க்கால் பக்கம் நடந்தார்கள். சிலர் கையில் கொடிக்கம்பு. முருகானந்தமும் அதைப் பார்த்தார். மைக்கைப் பொத்திக்கொண்டு, பின்னால் நின்ற என்னிடம் திரும்பினார்.

"அண்ணே, அவங்களத் திரும்பி வரச் சொல்லட்டுமா?"

பயந்துவிட்டார். அவர் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அந்த ஜனம் அவர் சொன்ன எதையும் கேட்கும். ஆனால் அங்கே நிறுத்தினால் பேச்சு விழுந்துவிடும், அதோடு சீட்டும் போய்விடும்.

"வேணாம் தம்பி. முடிவுக்குப் போங்க" என்றேன்.

முடிவுரை நன்றாக வந்தது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மாநிலத் தலைவர் மேடையிலேயே அவரைக் கட்டிக்கொண்டார்.

மருதையனை மதகின் மேலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். கீழே சிமெண்ட் தளம். தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

முருகானந்தம் ஜெயித்தார். ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயித்த கையோடு மருதையனுக்கு ஒரு நினைவேந்தல் கூட்டம் போட வேண்டும் என்று முருகானந்தமே பிடிவாதம் பிடித்தார். மேடையில் பேச மட்டும் அவருக்கு வாய் எழவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன், நான்தான் பேசினேன். அதுவும் நன்றாகத்தான் அமைந்தது. பாதிக் கூட்டம் அழுதது.

பாகூரிலிருந்து வந்திருந்த அஞ்சுகம் அழவில்லை. கூட்டம் கலைந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அன்னக்கி பேசுனதையும் நீங்கதான் எழுதுனீங்களாமே. எங்க வீட்டுல உக்காந்து டீ குடிச்சீங்களேய்யா. வண்டி ஏதுன்னு அவரே உங்ககிட்ட சொன்னாரே. இடுப்பு முடியாம மதகு மதகா சைக்கிள் மிதிக்கிறாரேன்னு, என் தாலிச் செயின வித்து நான்தான வாங்கிக் குடுத்தேன். நானும் பக்கத்துல நின்னேனே. நீங்க ஒருத்தராவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேய்யா."

அவர்தான் உங்களிடம் புகார் கொடுத்தார் என்பது தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி. மருதையன் சொன்னார், நான் கேட்டேன், மறக்கவும் இல்லை. தெரிந்தேதான் மூன்றாவது கேள்வியை எழுதினேன். போனவர்களைக் கூப்பிட வேண்டாம் என்றதும் நான்தான். முருகானந்தத்தை விட்டுவிடுங்கள். அவர் சரியாகத் தூங்குவதே இல்லையாம். நான் தூங்குகிறேன்.

ஒன்று மட்டும் அஞ்சுகத்திடம் சொல்லிவிடுங்கள். அவர் செயினை விற்ற விஷயத்தையும் நான் முதலில் எழுதித்தான் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தேன். ஜனத்துக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் பரிதாபம் வந்தது, அதனால் அடித்துவிட்டேன். மூன்று கேள்விகளும் மேலே இருக்கின்றன, மேடம். நீங்களே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள், அந்த வரி இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது.