தூங்கி வாங்கின பரிசு

மதிய ஷிப்ட் விட்ட நேரம். தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துப் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

"எம்பொண்ணு தூங்கியே பிரைஸ் வாங்கிகினு வந்துச்சிக்கா," என்றாள் இளையவள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"தூங்கியா?"

"இஸ்கூல் ஆண்டு விழா டிராமாவுல காச்சல் வந்த புள்ள வேசம். டாக்டர் வேசம் போட்ட பையன் 'எந்திரிம்மா'ன்னா எந்திரிக்கணும். அது கட்டில்ல நெஜமாவே தூங்கிட்ச்சி."

"அப்புறம்?"

"அவன் மூணு வாட்டி கூப்ட்டான். டீச்சரும் கூப்ட்டாங்க. அசையல. நானு லீவு போட்டுட்டு முன்னாடி பெஞ்சுல குந்திகினு கீறேன். வெக்கமா பூட்ச்சி."

"நீ கூப்ட வேண்டியதுதான?"

"வாய் வரலக்கா. அப்பதான் நம்ம கம்பெனி சாயங்கால சங்கு ஊதிச்சி. டக்குனு எந்திரிச்சி, கண்ணத் தொடச்சிகினு மைக்குல கேக்குது, 'அம்மா வேலைக்குப் பூட்டாங்களா?'ன்னு."

"ஏன் அப்டி கேட்ச்சி?" என்றாள் மூத்தவள்.

"தெனம் காலைல சங்கு சத்தத்துலதான் அது முழிக்கும். அதுக்குள்ள நானு கம்பெனிக்கு வந்துருப்பேன். டிராமாதான்னு நெனச்சி எல்லாரும் கைதட்டுனாங்க. நல்லா நடிச்சிச்சின்னு அப்பால பிரைஸும் குடுத்தாங்க."

"நீ இன்னா பண்ண?"

"'இங்கதான் கீறேன்'னு எந்திரிச்சி நின்னேன். என்னப் பாத்து சிரிச்சிச்சி. கனவுன்னு நெனச்சிகிச்சி போல, திரும்பவும் படுத்துகிச்சி."