சாம்பார்க் கறையும் பனிக்கடல் என்சைமும்

மயிலாப்பூரில் அடையாறு பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டு மாமி ஆரம்பித்தார்.

"குழந்தை பனிக்குள்ள வெச்சு வளர்த்ததை ஒரே மத்தியானத்துல கொன்னுட்டேளே!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் திருப்பவில்லை.

மாமிக்குப் பக்கத்தில் மாமா சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். "நான் என்ன பண்ணினேன்? நம்ம பொண்ணு குடுத்த குப்பியைப் பக்கெட்டுல ஊத்தி, சட்டையை நனைச்சேன். அவ்வளவுதான்."

"எந்தத் தண்ணியில?"

"குழாய்த் தண்ணிதான்."

"மே மாசம், நேத்து மத்தியானம் ரெண்டு மணி, மொட்டைமாடி டேங்க் தண்ணி! பனிக்கடல் பாக்டீரியாவோட என்சைம், ஜில்லுனு இருந்தாத்தான் கறையைத் தின்னும், சூடு பட்டா போச்சுன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளோல்லியோ?"

"நான் அடுப்புல காய்ச்சலையே. தினம் அந்தத் தண்ணியிலதானே தோய்க்கறோம்?"

"இன்னிக்கு அவளுக்கு பிஎச்டி வைவா. அந்த என்சைமைப் பத்தித்தான் பேசப்போறா. நீங்க முன்வரிசையில சாம்பார்க் கறையோட! வேற சட்டையா இல்லை?"

"இது அவ முதல் ஸ்காலர்ஷிப்ல வாங்கிக் குடுத்தது."

மாமி அந்தச் சட்டையின் காலரை நீவிவிட்டார்.

"யாராவது கேட்டா, என்சைம் மேல தப்பில்லை, தப்பு என்னோடதுன்னு எழுந்து சொல்லிடறேன்" என்றார் மாமா.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல்ல பை மேலேர்ந்து கையை எடுங்கோ."

"கறை தெரியுமே?"

"தெரியட்டும். அங்க போய் அவளுக்கு ஒத்தைக் கையாலயா கை தட்டப்போறேள்?"