கட்டிலருகே இருக்க வேண்டியவன்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அருகமர்ந்து அணி சேர்க்கும் அதிகாரிப் பெருமக்களே, ஆண்டுகளால் கனிந்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையரே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடி கேட்கும் நல்லவர்களே, வணக்கம்.

நான் மைக் செட் போடுகிறவன். மேடைக்குப் பின்னால் நின்று பிறர் முழக்கத்தைக் கேட்டே வளர்ந்தவன். மேகக் கணிமையால், அதாவது கிளவுடால், அரசுச் சேவை எப்படி மேம்படும் என்று பயனாளியாகப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் எனக்கு இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிரிக்காதீர்கள் ஐயா, உங்களுக்குப் புரிந்திருந்தால் மேலே வாருங்கள், மைக்கைத் தருகிறேன்.

என் மனைவிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. அரசுக் காப்பீட்டு ஒப்புதல் வந்தால்தான் கத்தியைத் தொடுவோம் என்றது மருத்துவமனை. நான் என்ன செய்தேன்? ஊரார் செய்வதைத்தான் செய்தேன். கட்டிலில் கிடந்தவளை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே கோப்பும் இல்லை, கோப்பு வைக்கும் அலமாரியும் இல்லை. அலமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுத்திருந்தது.

“எல்லாம் கிளவுட்ல இருக்குண்ணே” என்று மேலே கை காட்டினார் எழுத்தர். நானும் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம். அதிகாரி அம்மாவின் பாஸ்வேர்டை எல்லாரும் போட்டுக்கொள்வார்கள். விசிறி ஸ்விட்சுக்குக் கீழே எழுதியே ஒட்டியிருந்தார்கள். புதிய முறையில் அது செல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் போனுக்கு ஓர் எண் வருகிறது. அந்த அம்மாவோ மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“மேடம், இந்த அண்ணனோட சம்சாரம் ஃபைலத் திறக்கணும், அந்த நம்பர மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

“சொல்ல மாட்டேன். யார் வேணும்னாலும் யாரோட நோயையும் படிச்சிட்டிருந்தீங்க. அதனாலதானே மாத்தினாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. போனைப் பிடுங்கினேன். “அம்மா, என் சம்சாரம் அங்க உயிருக்குப் போராடறா. உங்களுக்கு நம்பர்தான் பெருசா?”

“கோவப்படாதீங்கண்ணே. அவங்க ஃபைல என் போன்லயே திறந்து ஒப்புதல் போட்டுட்டேன். இனி அத ஆஸ்பத்திரிக்குத் திறந்து ஆபரேஷன் பண்ண உங்க சம்சாரத்தோட சம்மதம் வேணும். நர்ஸ்கிட்ட மெஷின் இருக்கு, விரல் வச்சாப் போதும். நீங்க எதுக்கு அங்க நிக்கறீங்க?”

சபையோரே, நான் எதற்கு அங்கே நின்றேன்? எந்தக் கோப்பைத் தேடி நின்றேன்? யாரைத் திட்ட வந்து, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் நின்றேன்?

அதிகாரி அம்மா அதே அழைப்பில் நர்ஸை இணைத்தார். என் மனைவியின் குரல் கேட்டது.

“சம்மதமா? என்னையா கேக்கறீங்க?”

“உங்களத்தாம்மா. வேணாம்னாலும் சொல்லலாம்.”

முன்பு டாக்டர் என்னைத்தான் கேட்டார், நான் தலையாட்டினேன். அவளை யார் கேட்டது? அவள் வேண்டாம் என்றுவிட்டால்?

“அவர் எங்க?” என்றாள்.

“ஆபீஸ்லதான் இருக்கேன். சீக்கிரம் விரல வைம்மா.”

“பயமா இருக்குங்க. நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க. அப்பறம் வைக்கறேன்.”

எழுத்தரே தன் வண்டியில் என்னைக் கொண்டுபோய் விட்டார். உட்கார்ந்தேன். இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரலை வைத்தாள். அறுவை நடந்தது. பிழைத்தாள்.

பெரியோர்களே, மேகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பூட்டு எங்கே, சாவி எங்கே, அதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றே. நோயாளியின் ரகசியம் பூட்டியிருக்கட்டும். அவளைக் கேட்டுத் திறக்கட்டும். கோப்பு எங்கிருந்தும் திறக்கட்டும்; கணவன் கட்டிலருகே இருக்கட்டும், மகன் தாயருகே இருக்கட்டும், கவுண்ட்டர் வாசல்கள் காலியாகக் கிடக்கட்டும். அரசு தரும் சேவையில் இதைவிடப் பெரிய சேவை எது?

இங்கே வந்து நம் கதையைப் பேசலாமா என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பேசுங்க. ஆனா சீக்கிரம் வந்துடுங்க” என்றாள். ஆகவே இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்கி, வீட்டுக்குக் கிளம்புகிறேன். நன்றி.